நான் மாற்றிப் போட்ட எஸ்.எம்.பி.எஸ்.

வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியவில்லை. மகன் வீட்டு ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளறையில் மருமகளின் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் கொஞ்சம் ஏறினால் போதும், எழுந்து போய்விடுவேன். "ஒண்ணும் இல்ல மாமா, அப்டேட் ஆகுது" என்பாள். திரும்பி வந்து உட்கார்வேன். ஐந்து நிமிஷத்தில் வாசலுக்குப் போவேன். செருப்பைப் போடுவேன், கழற்றுவேன். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, குனிந்து வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் நின்றவன் நான். குனிவது நின்றுவிட்டது, மற்றது எதுவும் நிற்கவில்லை.

ராமநாதபுரத்தில் ஒரே கடையில் ஏறக்குறைய முப்பது வருஷம் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடை. அதிலும் எனக்கு வந்து சேர்ந்தது ஸ்டூடியோக்காரர்களின் எடிட்டிங் மெஷின்கள். கல்யாண வீடியோ, ஆல்பம் டிசைன், விளம்பர பேனர், கோயில் திருவிழாக் குறும்படம் என்று இந்தக் கரையில் யார் எதை வெட்டி ஒட்டினாலும், அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் என் ஸ்க்ரூடிரைவர் போய் வந்திருக்கும்.

இப்போது என் இடத்தில் இருப்பவள் காளீஸ்வரி. பத்து வருஷம் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள். போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணே, இப்பல்லாம் லிஸ்ட் போடுறது ரொம்ப லேசாயிருச்சு. எல்லாத்தையும் வெப்சைட்டே சொல்லுது. இந்த போர்டுக்கு இந்த ராம் சேராதுன்னா சிவப்புல காட்டிருது. கால் மணி நேரத்துல லிஸ்ட் ரெடி."

"நல்லதுதானம்மா."

"அதில்லண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்தத் திருப்பாலைக்குடி மெஷின்ல என்னதான் ஆச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. கரண்டுங்கிறாக, உப்புக்காத்துங்கிறாக. நீங்க மட்டும் ஒண்ணுமே சொன்னதில்ல."

"நேர்ல வாரேன், சொல்றேன்" என்றேன். இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எழுதும்போது எதிரில் முகம் இருக்காது.

எனக்குச் சொந்த ஊர் அபிராமம் பக்கம். அய்யாவுக்கு மிளகாய்க் காடு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், வீடியோ டெக் ரிப்பேர் பார்த்தேன், ஒரு வீடியோ ஸ்டூடியோவில் கேசட்டை ஓடவிட்டு ஓடவிட்டு எடிட் செய்தேன். கேசட் போய் கம்ப்யூட்டர் வந்தபோது கருணாகரன் அண்ணன் கடையில் சேர்ந்தேன். இதைத் தாண்டி அந்த வருஷங்களில் சொல்ல ஒன்றுமில்லை.

கருணாகரன் அண்ணன் சரக்குக் கப்பலில் ரேடியோ பார்த்துவிட்டு வந்தவர். சத்தமாகப் பேச மாட்டார். எந்தச் சாமானையும் நல்லது, மோசம் என்று சொல்ல மாட்டார். "போதும்" அல்லது "போதாது", அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் பிராசஸர் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அண்ணன் அதைக் காதிலேயே வாங்கமாட்டார். கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பிப்பார். எத்தனை கேமரா? ஒரு விசேஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? படத்தின் நிறத்தை மாற்றுவீர்களா, சும்மா வெட்டி ஒட்டுவதுதானா? பெட்டியை எந்த அறையில் வைக்கப்போகிறீர்கள்? அந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம்? கடல் எவ்வளவு தூரம்? சாயங்காலம் ட்யூப்லைட் மங்குமா?

ராமேஸ்வரத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் ஒரு தடவை எரிச்சலாகிவிட்டார். "நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன், சன்னல் எங்கன இருக்குன்னு கேக்குறீக?" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. "சொல்லுங்க" என்றார். ஜன்னல் கடலைப் பார்த்து இருந்தது. முன்பக்கம் முழுக்க வலை போட்ட கேபினெட்டை அவர் விரும்பியிருந்தார். அதை அடித்துவிட்டு வேறு எழுதினார் அண்ணன். அந்த மனிதர் கேட்காமல் வேறெங்கோ போய் வலை போட்டதையே வாங்கினார். அடுத்த மழைக்கு முன்பே உள்ளே திருகாணியெல்லாம் துருவேறி எங்கள் மேசைக்கு வந்தது.

லிஸ்ட் எழுதுவதில் அண்ணனுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக் கரண்டை வாங்கி உள்ளே ஒவ்வொரு பாகத்துக்கும் தேவையான அளவில் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. கேபினெட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும், யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அடுத்து காற்று, அதாவது கேபினெட்டும் ஃபேன்களும். அதற்கடுத்து டிஸ்க்குகள். படம் இருக்க ஒன்று, அதே படத்தின் நகல் இருக்க ஒன்று. பிறகு மானிட்டர். மானிட்டரில் மிச்சம் பிடித்த ஒரு ஆல்பம்காரர் கல்யாணப் பெண்ணின் அரக்குப் புடவையைச் சாக்லேட் நிறத்தில் அச்சடித்துக் கொடுத்து, பெண் வீட்டார் ஆல்பத்தை வாங்கமாட்டோம் என்று நின்ற கதை எங்கள் கடையில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ராம், கிராபிக்ஸ் கார்டு. பிராசஸர் கடைசி வரி.

"ஏண்ணே எஸ்.எம்.பி.எஸ். முதல்ல?" என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"பிராசஸர் சின்னதாப் போச்சுன்னா வேலை மெதுவா நடக்கும். இது போச்சுன்னா மத்ததையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்" என்றார்.

புரிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இனி திருப்பாலைக்குடி. பன்னிரண்டு, பதிமூன்று வருஷத்துக்கு முந்தைய சங்கதி. ஒரு நாள் காலையில் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். அக்கா ஹாஜரா, தங்கை ரஹ்மத் நிஷா. இரண்டு பேரின் கணவன்மார்களும் துபாயில். அவர்கள் பக்கத்து நிக்காஹ்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் கேமராக்காரர்கள் போகமுடியாது. அதனால் அங்கே நடப்பது எதுவும் பதிவாகாமலே போய்க்கொண்டிருந்தது. இந்த இரண்டு பேரும் அதைத் தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். ஹாஜரா கேமரா பிடிப்பார், நிஷா எடிட் செய்வார். ஆண்கள் கண்ணில் படாமல் எடுத்து, வீட்டிலேயே முடித்து, பெண் வீட்டார் கையில் நேராகக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "எங்க போயி யாரு கையில கிடைக்குமோ" என்று பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் அவர்களுடைய தொழிலே.

அண்ணன் வழக்கம்போல் கேட்டார். நிஷா ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். இரண்டு கேமரா. ஒரு விசேஷத்துக்கு ஆறேழு மணி நேரப் படம். சின்ன அறை, வேலை நடக்கும்போது கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். கடல் கூப்பிடு தூரம். சாயங்காலம் லைட் மங்கும்.

பிறகு அவர் ஒரு நிபந்தனை சொன்னார். "படம் இருக்குற டிஸ்க்கு ரெண்டையும் நாங்களே வெளிய உருவி எடுக்குற மாதிரி வேணும். ரிப்பேருன்னு பொட்டி இங்கன வந்தா, டிஸ்க்கு எங்க வீட்டுலதான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க யாரு படத்தையும் பாக்க மாட்டோம்மா" என்றேன்.

"நீங்க பாக்க மாட்டீகண்ணே. ஆனா யாரும் பாக்கலன்னு நான் ஊருல சத்தியம் பண்ணணும்னா, அது என் கையில இருக்கணும்ல?"

அண்ணன் நோட்டில் ஒரு வரி சேர்த்தார். இழுப்பறைபோல உருவி எடுக்கிற டிஸ்க் தட்டு, இரண்டு. "சரியாத்தான் கேக்குறாக" என்றார்.

லிஸ்டில் முதல் வரியாக அவர் எழுதிய எஸ்.எம்.பி.எஸ். கடையில் இல்லை. மதுரையிலிருந்து வரவேண்டும். மூடிய அறைச் சூட்டிலும் முழு வாட்ஸும் தாங்குகிற மாடல் அது. அதற்குள் அண்ணன், மனைவியின் ஆபரேஷனுக்காக வேலூர் போய்விட்டார். நோன்புப் பெருநாள் முடிந்து நிக்காஹ் வரிசை தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. நிஷா தினமும் போன் செய்தார். "அண்ணே, எப்ப வரும்? மூணு கல்யாணம் ஒத்துக்கிட்டோம்." மதுரைக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்றார்.

அலமாரியில் வேறொரு எஸ்.எம்.பி.எஸ். இருந்தது. லேபிளில் அதே வாட்ஸ் போட்டிருந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்தது, கனம் குறைவு. உள்ளே செம்பும் இரும்பும் குறைவாக இருந்தால்தான் அப்படி இருக்கும். முப்பது வருஷம் செய்த வேலையில், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லமுடியாத நொடி அது. தெரிந்தது. இருந்தாலும் மாட்டினேன். லிஸ்டில் முதல் வரிக்கு நேரே டிக் போட்டேன். அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிற மனிதரை ஏன் தொந்தரவு செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது.

கடையில் ஒரு மணி நேரம் படத்தை எக்ஸ்போர்ட் போட்டுப் பார்த்தேன். அதாவது வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே முழுப் படமாக மாற்றுகிற வேலை. மெஷினைப் பிழிந்து எடுப்பது அதுதான். ஒரு குறையும் இல்லை. கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் நிஷா போன் செய்தார். "அண்ணே, எக்ஸ்போர்ட் போட்டா பாதியில பட்டுனு அணைஞ்சுபோகுது."

பெட்டி கடைக்கு வந்தது, டிஸ்க் இல்லாமல். இரண்டு ராமில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டினேன், பிறகு மற்றதை எடுத்துவிட்டு ஓட்டினேன். பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். இரண்டு மணி நேரம் ஓடியது. அணையவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே அணைந்தது. மறுபடி கொண்டுவந்தேன். கிராபிக்ஸ் கார்டை மாற்றினேன். கடையில் ஓடியது, வீட்டில் அணைந்தது.

எங்கள் கடையில் ஏ.சி. உண்டு. கடையில் ஓடியபோது அந்த இரண்டு டிஸ்க்குகளின் சுமையும் எஸ்.எம்.பி.எஸ். மேல் இல்லை. அவர்கள் அறையிலோ மூடிய சூடு, மங்கிய கரண்டு, எல்லாச் சுமையும் ஒரே சமயத்தில். இதைக் கூட்டிப் பார்க்க ஐ.டி.ஐ. படிப்பே போதும். நான் கூட்டவில்லை. சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் அந்த மெஷினையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாகமாக மனசுக்குள் கழற்றி மாட்டுவேன். மூலையில் இருக்கிற அந்த ஒன்றைத் தொடமாட்டேன். மனைவி தட்டில் போட்ட சோறு அப்படியே காயும். "யாரு கூடச் சண்டை?" என்று கேட்டாள். யாரோடும் இல்லை என்றேன்.

மூன்றாவது முறை திருப்பாலைக்குடி போனபோது மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் எர்த் சரியில்லை என்று சொன்னேன். பொய் என்று சொல்லமுடியாது. அந்த மணலில் எந்த வீட்டிலும் எர்த் முழுசாக இருக்காது. ஆனால் அணைவதற்குக் காரணம் அதுவல்ல.

"என்ன செய்யணும்ணே?" என்றார் ஹாஜரா.

"கொல்லையில ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, குழாய இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடணும்."

நிக்காஹ் சமயம், கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. ஹாஜராவே தோண்டினார். அடுத்த வாரம் போனபோது அவர் இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. "இப்ப சரியாயிரும்லண்ணே?" என்று கேட்டார். நான் குழியைப் பார்த்தேன். ஒழுங்காகத் தோண்டியிருந்தார். "ஆயிரும்" என்றேன்.

ஆகவில்லை.

இப்படிப் பெட்டி வருவதும் போவதுமாக இருந்த நாட்களில் ஒரு காரியம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கேமரா கார்டில் இருக்கும் படத்தை முதல் டிஸ்க்கில் ஏற்றுவார்கள். அங்கிருந்து இரண்டாவது டிஸ்க்குக்கு நகல் எடுக்கவேண்டும். நகல் பாதி நடக்கும்போது மெஷின் அணையும், இல்லையென்றால் மெஷினே வீட்டில் இருக்காது. அடுத்த கல்யாணத்துக்குக் கார்டு வேண்டுமே, அதை அழித்துவிட்டார்கள். அந்த வரிசையில் முதலாவதாக எடுத்த ஃபர்ஹானா என்ற பெண்ணின் நிக்காஹ் ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருந்தது.

ஃபர்ஹானாவின் உம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஆதார் அட்டைக்கு எடுத்ததைத் தவிர வேறு படத்துக்கு அவர் வாழ்நாளில் நின்றதில்லை. பெண்கள் மட்டும்தான் எடுக்கிறார்கள், பெண்கள்தான் பார்ப்பார்கள் என்று நிஷா கையைப் பிடித்துச் சொன்ன பிறகு, மகளுக்கு மருதாணி வைக்கிற அன்று கேமரா முன்னால் உட்கார்ந்தார். சிரித்தார், பாட்டுப் பாடினார். கல்யாணம் முடிந்து மூன்றாம் வாரம் மவுத் ஆகி, அடக்கமும் முடிந்துவிட்டது. ஃபர்ஹானா கணவனோடு மலேசியா கிளம்ப வேண்டும். "நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்சதும் போறேன். அதுக்குள்ள உம்மா இருக்குற படம் மட்டுமாவது குடுத்துருங்க" என்று நிஷாவிடம் கேட்டிருக்கிறாள்.

நிஷா அவசரமாக எல்லாவற்றையும் இரண்டாவது டிஸ்க்குக்கு நகல் எடுக்கப் போட்டார். மெஷின் அணைந்தது. மறுபடி போட்டபோது முதல் டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை.

அன்று அவர் போனில் அழவில்லை. "அண்ணே, டிஸ்க்கு தெரியல. அதுல ஃபர்ஹானா உம்மா இருக்காக" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரில் கருணாகரன் அண்ணன் நின்றிருந்தார். வேலூரிலிருந்து வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

"என்ன?" என்றார். சொன்னேன். "பொட்டிய எடுத்துட்டு வா" என்றார்.

மறுநாள் பெட்டியை அவர் மேசையில் வைத்தேன். அவர் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். குனிந்து மூலையைப் பார்த்தார். நான்கு திருகாணிகளையும் தானே கழற்றி எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். நோட்டைத் திறந்து என் டிக்கைப் பார்த்தார்.

"இது நான் எழுதுனதா?"

"இல்லண்ணே."

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

"அவுககிட்டக் கேட்டியா?"

"கேக்கலண்ணே."

"எப்பத் தெரியும் ஒனக்கு, இதாலதான்னு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டாவது தடவ வந்தப்பவே" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அவர் திட்டவில்லை. நோட்டை மூடினார். "மதுரைச் சரக்கு நேத்து வந்துருச்சு. எடுத்துட்டுப் போயி மாட்டு. போயி அவுககிட்டச் சொல்லு. ஒனக்காக நான் சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தேவிபட்டினத்தில் கூட்டம் இறங்கி இடம் காலியானது. இருந்தாலும் பெட்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. சொல்லவேண்டியதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அது நான் செய்ததாகத்தான் வந்தது.

முன்னறையில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரவில்லை நான். "லிஸ்ட்டுல இருந்தத நான் மாட்டலம்மா. வேறொண்ண மாட்டுனேன். ஒங்ககிட்டச் சொல்லல. அதான் அணைஞ்சிருக்கு. அணைஞ்சு அணைஞ்சுதான் டிஸ்க்கு போயிருக்கு. எர்த்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

நிஷாவின் முகம் மாறவே இல்லை. ஹாஜரா தன் கைகளைப் பார்த்தார். காயம் ஆறி தோல் உரிந்திருந்தது.

"தெரிஞ்சுதான் எங்க ராத்தாவக் குழி தோண்ட விட்டீகளா?" என்றார் நிஷா.

"ஆமாம்மா."

"வெளிய போயிருங்கண்ணே."

போய் வேப்பமரத்தடியில் நின்றேன். வெயில் ஏறியது. அப்படியே ஊருக்குப் பஸ் ஏறியிருக்கலாம். கால் பஸ் நிறுத்தம் வரை போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அரை மணி நேரம் இருக்கும். ஹாஜராதான் வாசலுக்கு வந்தார். "டிஸ்க்குல இருந்து எடுக்க முடியுமான்னு தங்கச்சி கேக்குது."

முடியலாம். ஆனால் எடுக்கும்போது ஒவ்வொரு படமாகத் திரையில் வரும். என் கண்ணில் அது படக்கூடாது. மதுரையில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள், அவர்களும் ஆண்கள். கடையில் அப்போது காளீஸ்வரி இல்லை. நிஷா ஒரே வார்த்தையில் முடித்தார். "நீங்க வெளிய உக்காந்து சொல்லுங்க. நான் செய்றேன்."

புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டி, பையில் கொண்டுபோயிருந்த புதிய டிஸ்க் ஒன்றையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அறைக் கதவில் துணித்திரை போட்டார்கள். இந்தப் பக்கம் நாற்காலியில் நான். அந்தப் பக்கம் நிஷாவும் ஹாஜராவும். கெட்டுப்போன டிஸ்க்கில் நேராகக் கை வைக்கக்கூடாது. முதலில் அதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, ஒரு புதிய டிஸ்க்கில் பிரதி எடுக்கவேண்டும். படிக்க முடியாத இடம் வந்தால் தாண்டிப் போய்விட்டுப் பிறகு வரவேண்டும். பிரதியை வைத்துத்தான் தேடவேண்டும். ஒவ்வொரு படியாகச் சொன்னேன். நிஷா திரையில் தெரிவதை வாசிப்பார். எந்தப் பெயருக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று நான் கேட்பேன். தவறுதலாகப் புதியதைப் பழையதின்மேல் பிரதி எடுத்துவிட்டால் மிச்சமும் போய்விடும். அதனால் ஒரே எண்ணை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்று தடவையும் சலிக்காமல் வாசித்தார்.

பத்து மணிக்குத் தொடங்கியது. மதியம் லுஹர் பாங்கு சொன்னபோது பாதி தாண்டியிருந்தது. அப்போது உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. டிஸ்க்கின் உள்ளே முள் இடம் கிடைக்காமல் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"நிறுத்தும்மா! உடனே நிறுத்து!"

"நிறுத்திட்டேன். போச்சாண்ணே?"

"போகல. சூடாயிருச்சு. வெளிய எடுத்து ஃபேன் முன்னாடி வையி. ஒரு மணி நேரம் தொடாத."

அந்த ஒரு மணி நேரம் நான் அந்தத் தெருவை எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "என்ன தேடுறீக?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிரதி முடிந்தது. கொஞ்சம் படிக்கவே முடியவில்லை. தேடுகிற ப்ரோகிராமை ஓடவிட்டோம். பெயர் போய் வெறும் எண்களாக ஃபைல்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். "இது திறக்கல. இது சமையக்கட்டு. இதுவும் திறக்கல. இது வாசல்ல புள்ளைக விளையாடுறது." பிறகு பேச்சு நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து நிறையப் பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே கொஞ்சம் மூச்சு வாங்குகிற ஒரு குரல், பாடியது. நான் காதைப் பொத்திக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் எழுந்து நின்றேன். பாட்டு ஒரு வார்த்தையின் நடுவில் அறுந்தது.

"இருக்காக" என்றார் நிஷா. "நாலு நிமிஷம் இருக்காக. அதுக்கு மேல இல்ல."

மிச்சத்துக்கு இருட்டும்வரை முயன்றோம். கிடைக்கவில்லை. கிளம்பும்போது நிஷா வாசலுக்கு வரவில்லை. ஹாஜரா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். குடித்துவிட்டு வந்தேன்.

ஃபர்ஹானா அந்த நாலு நிமிஷத்தை எடுத்துக்கொண்டு மலேசியா போனாள். ஊரில் நிஷாவைப் பற்றிக் கொஞ்ச நாள் பேச்சு ஓடியது, படத்தைத் தொலைத்துவிட்டாள் என்று. யார் கையிலும் கிடைக்கவில்லை என்பது மட்டும் அவரைக் காப்பாற்றியது. அந்தச் சகோதரிகள் தொழிலை விடவில்லை. எங்கள் கடைக்கு வந்தார்கள், ஆனால் நான் மாட்டிய பெட்டியை வாங்கவில்லை. சாமான்களாக வாங்கிப்போய் நிஷா தானே மாட்டினார். கவுன்ட்டரில் ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் பிரித்து, உள்ளே இருப்பதை லிஸ்டோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பையில் போடுவார். நான் எதிரில் நிற்பேன். "சரியா இருக்கும்மா" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லும் உரிமை எனக்கு இல்லை. கருணாகரன் அண்ணன் அதற்குப்பின் அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. காலமாகும்வரை பேசவில்லை. கடையில் மற்றவர்கள் கேட்டபோது நான் கரண்டு என்றேன். உப்புக்காற்று என்றும் ஒரு தடவை சொன்னேன். காளீஸ்வரி கேட்ட கதைகள் எல்லாம் என்னிடமிருந்து கிளம்பியவைதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மதியம், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். நிஷா கூட வந்திருந்தார், ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நான் ஃபர்ஹானா. லீவுக்கு வந்திருக்கேன். நீங்கதான அந்த மெஷின மாட்டுனது?"

"ஆமாம்மா."

"எங்க உம்மா பாட்டு பாதியில நிக்குது. மிச்சம் எங்க போச்சு?"

சொன்னேன். டிஸ்க்கில் எந்த இடம் படிக்க முடியாமல் போனது, ஏன் போனது, யாரால் போனது, எல்லாம். மேசைமேல் பிரித்துக் கிடந்த ஒரு பழைய டிஸ்க்கைக் காட்டி, இந்தத் தட்டில்தான் இருக்கும், இப்படித்தான் கீறும் என்று காட்டினேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அந்தத் தட்டையே பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது.

"எல்லாரும் கரண்டுன்னாக" என்றாள். "நிஷா ராத்தா மட்டும், அவரையே போயிக் கேளுன்னாக."

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"அதுக்கு வரல நான். தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்." குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு படியிறங்கினாள். நிஷா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அவளோடு போனார்.

நான் மேசைக்குத் திரும்பினேன். தேவிபட்டினத்து ஸ்டூடியோ ஒன்றுக்கு அசெம்பிள் செய்த மெஷின் மூடுகிற நிலையில் இருந்தது. பின்பக்கத் தகட்டில் கடைசித் திருகாணியை வைத்தேன். முறுக்கவில்லை. எடுத்து வைத்துவிட்டு அந்த ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தேன்.

"நீங்க சொன்ன ஃபேன் இல்ல, வேற ஒண்ணு மாட்டியிருக்கேன். இதுவும் தாங்கும். ஆனா நீங்க கேட்டது இது இல்ல. வேணாம்னா சொல்லுங்க, கழட்டிடுறேன்."

மறுமுனையில் அவர் சிரித்தார். "என்னண்ணே, ஒரு ஃபேனுக்குப் போயா போன் பண்ணுறீக?"

"ஆமா" என்றேன். "அதுக்குத்தான்."